ஆறு இதழ் ரோஜா ஏன் சதுரத்தில் அமர மறுக்கிறது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தீபாவளிக்குள் அம்மா வீட்டு மேசைக்கு 48 சதுரங்கள் கொண்ட குரோஷே (கொக்கி ஊசியால் நூலில் பின்னும் வேலை) விரிப்பு ஒன்றைப் பின்னத் தொடங்கியிருக்கிறார். நடுவில் எழும்பி நிற்கும் ஆறு இதழ் ரோஜா, சுற்றிலும் வெள்ளைச் சதுரம். 31 முடிந்துவிட்டன. அவற்றில் சில கிண்ணம்போல் குழிகின்றன, சில ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணுகின்றன, அளவோ 11 சென்டிமீட்டரிலிருந்து 12.5 வரை ஓடுகிறது. காணொளியில் சொன்ன எண்ணிக்கையை ஒரு கண்ணிகூடப் பிசகாமல் போட்டும் இப்படி ஆகிறது, எந்த எண் ஊசி வாங்கினால் சரியாகும் என்பது கேள்வி.

ஊசியைப் பற்றிப் பின்னால் வருகிறேன். நீங்கள் உண்மையில் கேட்பது, வட்டமாக வளரும் ஒரு பூவை எந்தச் சுற்றில், எப்படிச் சதுரமாக்குவது என்பதைத்தான். அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: போட்ட 31ஐயும் பிரிக்க வேண்டுமா? அதைக் கேட்கப் பயந்துகொண்டு ஊசி எண்ணைக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதில்லை. பூவைத் தொடவே வேண்டாம். ஐந்தாறு சதுரங்களில் வெளிச்சுற்றுகளை மட்டும் பிரிக்க வேண்டியிருக்கலாம்.

நான் பினாங்கில் ஜெலுத்தோங்கில் இருக்கிறேன். வீட்டுக்கு அருகே ஒரு பொது மண்டபத்தில் 22 ஆண்டுகளாகச் சனிக்கிழமைதோறும் பெண்களுக்குக் குரோஷே சொல்லிக்கொடுக்கிறேன். பட்டம், சான்றிதழ் எதுவும் கிடையாது. கன்னியர் மடப் பள்ளியில் படித்த என் பெரியம்மாவிடம் கற்றது பாதி, மற்றவர்களின் கோணல் சதுரங்களைப் பிரித்துக் கொடுத்துக் கற்றது மீதி. உங்கள் கை இழுப்பு எப்படி என்பது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் இழுப்பைப் பற்றி நான் சொல்லப்போவதை ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையைப் பற்றிச் சொல்வது ஊகமல்ல, கணக்கு.

பெயர்க் குழப்பம் வராமலிருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், ட்ரெபிள் என்று, குட்டைக் கண்ணியிலிருந்து நெட்டைக் கண்ணிவரை, நான் எழுதும் பெயர்களெல்லாம் அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் புத்தகங்களில் டபுள் என்றால் நம் சிங்கிள், அவர்களுடைய ட்ரெபிள் நம் டபுள். நம் நாட்டில் இரண்டு வகைப் புத்தகங்களும் ஒரே அலமாரியில் கிடக்கின்றன. குறிப்பில் எங்காவது சிங்கிள் குரோஷே என்ற சொல் வந்தால் அது அமெரிக்கக் குறிப்பு, ஏனென்றால் இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் அப்படி ஒரு கண்ணியே இல்லை. இந்த ஒரு சோதனை பல இரவுகளை மிச்சப்படுத்தும்.

இப்போது கணக்கு. டபுள் கண்ணியின் உயரம் அதன் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு சுற்று ஏறும்போது வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது, சுற்றளவு அந்த உயரத்தைப்போல் ஆறேகால் மடங்கு கூட வேண்டும். தட்டையான வட்டத்துக்குச் சுற்றுக்கு 12 டபுள் கூட்டு என்று பெரியம்மா சொன்னதன் காரணம் இதுதான்: 12, 24, 36. சிங்கிள் குட்டை, உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று, ஆகையால் அதற்கு 6 போதும். சதுரம் அப்படியல்ல. ஒரு சுற்று ஏறினால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு உயரம் நீளும், நான்கு பக்கத்துக்கும் சேர்த்து எட்டு உயரம். ஆறேகாலுக்குப் பதில் எட்டு. அதனால் டபுளில் 16, சிங்கிளில் 8. மூலை இடைவெளியில் 2 டபுள், 2 செயின் (சங்கிலிக் கண்ணி), மறுபடி 2 டபுள் என்று எல்லாக் குறிப்புகளும் சொல்கின்றனவே, ஒரு மூலைக்கு நான்கு வீதம் அந்த 16தான் அது. சிங்கிளில் மூலைக் கண்ணியில் மூன்று குத்துகிறோம், கூடுவது இரண்டு, நான்கு மூலைக்கும் 8. யாரோ அழகுக்காக வைத்த எண்கள் அல்ல இவை. இதைவிடக் குறைந்தால் வேலை கிண்ணமாகும், கூடினால் பாவாடை ஓரம்போல் அலையடிக்கும். கிண்ணமா, அலையா என்று பார்த்தாலே எண்ணிக்கை குறைவா கூடவா என்று தெரிந்துவிடும்.

உங்கள் குறிப்பின் சிக்கல் இதுவும் அல்ல, இதற்கு முந்தைய படி. சதுரத்துக்கு மூலை நான்கு, உங்கள் பூவுக்கு இதழ் ஆறு. ஆறு நான்கால் வகுபடாது. இதழ்களுக்குப் பின்னால் ஆறு செயின் வளையங்கள் போட்டு, அடுத்த சுற்றிலேயே அந்த வளையங்களில் நேராக நான்கு மூலைகளைத் திருப்பச் சொல்கிறது அந்தக் காணொளி. இரண்டு மூலைகள் வளையத்தின் நடுவில் விழும், மற்ற இரண்டு வளையங்கள் சேரும் இடத்தை ஒட்டி விழும். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு தளர்ந்தும் இரண்டு இறுகியும் போகும். நீங்கள் எவ்வளவு ஒழுங்காக எண்ணினாலும் அந்தக் கோணல் குறிப்பிலேயே பிறந்தது.

கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கு வரை ஊடுபுள்ளி வைத்தால் ஆறு மூலைக் கட்டம் வரும், அதில் ஆறு இதழ்ப் பூ தானாக உட்காரும். நேர்ப்புள்ளி வைத்தால் நான்கும் எட்டும்தான் ஒத்துவரும். நேர்ப்புள்ளிக் கட்டத்தில் ஆறு இதழ்ப் பூவை யாரும் திணிக்க மாட்டார்கள், அரிசி மாவு வீண். நூலில் மட்டும் அந்தப் புத்தியை மறந்துவிடுகிறோம்.

அந்த ரோஜாவையும் குறை சொல்ல முடியாது. அடுக்கடுக்காக எழும்பும் இந்த ரோஜா அயர்லாந்துக் குரோஷேயின் பிள்ளை. 1845இல் அங்கே உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, பல குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது பெண்கள் பின்னி விற்ற இந்த வேலைதான். அவர்கள் ரோஜாவையும் இலையையும் தனித்தனியே பின்னி, ஒரு துணிமேல் பரப்பித் தைத்து வைத்துக்கொண்டு, இடைவெளிகளைச் செயின் வலையால் நிரப்புவார்கள். அந்த வலைக்குப் பூவில் எத்தனை இதழ் என்பது ஒரு பொருட்டே இல்லை. ஆறு இதழ் அங்கே சங்கடமின்றி இருந்தது. அதைக் கொண்டுவந்து சதுரத்துக்குள் அடைத்தது பிற்கால வேலை.

சரி, வழி என்ன? ரோஜாவுக்கும் சதுரத்துக்கும் நடுவே ஒரு வட்டச் சுற்றைச் செருகுங்கள். பின்பக்கத்து ஆறு வளையங்களில் ஒவ்வொன்றிலும் 4 ஹாஃப் டபுள், மொத்தம் 24. இருபத்துநான்கு ஆறாலும் வகுபடும், நான்காலும் வகுபடும். இதழ்களின் கணக்கு இந்தச் சுற்றோடு மறந்துபோகும், இதற்குமேல் பக்கத்துக்கு ஆறு கண்ணி என்பது மட்டுமே கணக்கு. வளையங்களை இறுக்கிப் போட்டிருந்தால் நான்கு கண்ணி திணறும், அப்படியானால் குற்றம் வளையத்தின்மேல். இதழுக்குப் பின்னால் போகும் செயின், இதழை விரலால் முன்னே மடக்கிவிட்டுப் பார்த்தால் தொய்யாமலும் விறைக்காமலும் கிடக்க வேண்டும். கிண்ணமாகும் சதுரங்களில் பாதிக்குமேல் இந்த வளையம் குட்டையாகிப் போனதால் வருபவை என்பது என் வகுப்பில் கண்டது. ஒரு செயின் கூட்டிப் பாருங்கள்.

அடுத்த சுற்றில்தான் வட்டம் சதுரமாகிறது. இங்கே எல்லாக் கண்ணியும் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. சதுரத்தின் நடுவிலிருந்து மூலைக்குள்ள தூரம், பக்கத்தின் மத்திக்குள்ள தூரத்தைப்போல் 1.41 மடங்கு. மூலை அவ்வளவு தூரம் போக வேண்டுமானால் அங்கே நெட்டையான கண்ணி வேண்டும், பக்கத்தின் மத்தியில் குட்டையானது வேண்டும். ஆறில் ஒரு கண்ணியை மூலையாக வைத்து அதிலே 2 ட்ரெபிள், 2 செயின், 2 ட்ரெபிள் போடுங்கள். பிறகு வரும் ஐந்து கண்ணிகளில் டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள் என்று இறங்கி ஏறுங்கள். மறுபடி மூலை. சுற்று முடியும்போது பக்கத்துக்கு 9 கண்ணி இருக்கும். எண்ணிப் பாருங்கள்: மூலையிலிருந்து இரண்டு, நடுவில் ஐந்து, அடுத்த மூலையிலிருந்து இரண்டு. அடுத்தடுத்த சுற்றுகளில் டபுள் மட்டும் போட்டு, மூலையில் 2 டபுள், 2 செயின், 2 டபுள் என்று போனால் பக்கம் 13, 17, 21 என ஏறும். ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரே ஒரு பக்கத்தை எண்ணினால் போதும். நான்கையும் எண்ணுபவர்கள் நான்காவதில் தவறவிடுகிறார்கள், இது என் நீண்ட நாள் சந்தேகம்.

இனிமேல் போடப்போகும் 17ஐ எட்டு இதழாக மாற்றலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மாற்றலாம், எட்டு இதழ் சதுரத்துக்குப் பொருத்தமான பூ. ஆனால் 31 ஆறு இதழோடு 17 எட்டு இதழ் கலந்தால் எண்ணத் தெரிந்த விருந்தாளி ஒருவர் கட்டாயம் வருவார். இந்த விரிப்பை ஆறிலேயே முடியுங்கள். அடுத்ததற்கு எட்டு வைத்துக்கொள்ளுங்கள்: 6 செயின் வளையம், அதில் 8 டபுள், ஒவ்வொன்றுக்கும் நடுவே 2 செயின். எட்டு இடைவெளியிலும் சிங்கிள், ஹாஃப் டபுள், 2 டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள் என்று ஒரு இதழ். பின்பக்கம் எட்டு வளையம், 4 செயின் வீதம். பிறகு வட்டச் சுற்றே வேண்டாம். ஒரு வளையத்தில் 3 டபுள், அடுத்த வளையத்தில் மூலை, அதாவது 3 டபுள், 2 செயின், 3 டபுள். பக்கத்துக்கு அதே 9 வந்துவிடும். பழைய சதுரத்தோடு அளவும் ஒத்துப்போகும்.

கோணுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. வலது கையால் பின்னும்போது ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழுள்ளதன் உச்சியில் நேராக உட்காராமல் மயிரிழை வலதுபக்கம் ஒதுங்கும். ஒரே திசையில் சுற்றிக்கொண்டே போனால் அந்த மயிரிழைகள் சேர்ந்து, சதுரம் காற்றாடி இறக்கைபோல் முறுக்கிக்கொள்ளும். பூ முடிந்து சதுரம் தொடங்கிய பிறகு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வேலையைத் திருப்பி எதிர்த்திசையில் போனால் முறுக்கு அவிழும். முன்பக்கமும் பின்பக்கமும் மாறிமாறித் தெரிவது சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

அளவு வேறுபாட்டுக்கு வருகிறேன். 11க்கும் 12.5க்கும் நடுவே ஒன்றரைச் சென்டிமீட்டர். ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே எண்ணிக்கை என்றால் எனக்குத் தெரிந்து மீதியுள்ளது கைதான். எல்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து போட்டது, இரவு தொலைக்காட்சி முன் போட்டது, எரிச்சலில் போட்டது எல்லாம் வேறுவேறு அளவாகத்தான் வரும். கண்ணிக்குள் ஊசியை நுழைத்து நூலை இழுத்ததும் எழும் முதல் வளையத்தின் உயரம் ஒவ்வொருவருக்கும் வேறு, ஒருவருக்கே நாளுக்கு நாள் வேறு. என் வகுப்பில் ஒரு மலாய் மூதாட்டி இருந்தார். எண்ணவே மாட்டார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வேலையை மேசைமேல் வைத்து, ரொட்டி சானாய் மாவைத் தட்டுவதுபோல் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுவார். எழும்பினால் பிரிப்பார், படுத்தால் தொடர்வார். அவருடைய சதுரங்களைப்போல் ஒரே அளவில் என்னுடையவை இன்றுவரை வந்ததில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். 31ஐயும் மேசையில் பரப்பி, அளவுகோல் வைத்து மூன்று குவியலாக்குங்கள். 12ஐ ஒட்டியவை ஒன்று, 11.5க்குக் கீழ் ஒன்று, 12.3க்கு மேல் ஒன்று. நடுக்குவியலைத் தொடாதீர்கள். சிறியவற்றுக்கு வெளியே ஒரு சுற்று சிங்கிள் போடுங்கள். 3 மில்லிமீட்டர் ஊசியில் அது ஒவ்வொரு பக்கமும் நான்கைந்து மில்லிமீட்டர் தரும், 11 சென்டிமீட்டர் சதுரம் 12ஐ நெருங்கிவிடும். பெரியவற்றில் கடைசிச் சுற்றைப் பிரித்துவிட்டு, டபுளுக்குப் பதில் ஹாஃப் டபுள் போட்டால் கொஞ்சம் சுருங்கும். ஹாஃப் டபுள் குட்டையானதால் அந்தச் சுற்றின் மூலையில் 2, 1 செயின், 2 என்று போடுவது நல்லது. அப்படியும் விறைப்பாகக் கோணி நிற்பவைதான் பிரிக்க வேண்டிய ஐந்தாறு. அவற்றிலும் வெள்ளை நூலை மட்டும் பூவரை பிரித்து, மேலே சொன்ன 24 கண்ணிச் சுற்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

மீதமுள்ள வேறுபாட்டை நனைத்து இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்துச் சரிசெய்யலாமா என்றால், அது நூலைப் பொறுத்தது. நீங்கள் வாங்கிய, பால் பருத்தி (மில்க் காட்டன்) என்று விற்கும் நூலின் பெயரில் பருத்தி இருக்கிறது, உருண்டைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது உற்பத்தியாளருக்கு உற்பத்தியாளர் மாறும். நிறைய அக்ரிலிக் கலந்தவையும் அதே பெயரில்தான் விற்கின்றன. ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்துப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகினால் அக்ரிலிக். இரண்டும் கலந்து நடந்தால் கலப்பு. பருத்தி நனைத்து இழுத்தால் சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் துவைத்தால் மறந்துவிடும், மறுபடி இழுக்க வேண்டும். அரைச் சென்டிமீட்டருக்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். அக்ரிலிக் நனைப்பதற்கு மசியாது, நீராவிக்குத்தான் மசியும். அந்த நீராவி கொஞ்சம் கூடினாலும் நூல் உயிரற்றுத் துவண்டுபோகும், அதைத் திருப்பவே முடியாது. இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்துவிட்டால் கதை முடிந்தது.

சிவப்பு ரோஜாவும் வெள்ளைச் சதுரமும் என்பதால் இன்னொரு எச்சரிக்கை. 48ஐயும் இணைத்த பிறகு முதல் தடவை நனைத்து, வெள்ளை முழுக்க இளஞ்சிவப்பாகி ஒரு பெண் என்னிடம் கொண்டுவந்தார். ஒரு ரோஜாவை இப்போதே நனைத்து வெள்ளைத் துணிக்குள் மடித்து ஒரு மணி நேரம் அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால், அலசும் நீர் நிறமின்றித் தெளியும்வரை குளிர்ந்த நீரில் மாற்றி மாற்றி அலசுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வினிகர் உதவுவது கம்பளிக்கும் பட்டுக்கும் உரிய அமிலச் சாயங்களுக்கு. பருத்தியின் சாயத்தை அது பிடித்து நிறுத்தாது.

குத்துவதற்குத் துருப்பிடிக்காத குண்டூசிகளையே பயன்படுத்துங்கள். பினாங்குக் கடற்காற்றில் சாதாரணக் குண்டூசி ஒரே இரவில் பழுப்புப் புள்ளி வைத்துவிடும், கோலாலம்பூர் மழைக்காலமும் அதற்குச் சளைத்ததல்ல. காய்வதற்கு இங்கே இரண்டு நாள் பிடிக்கும், மின்விசிறியின் கீழ் வையுங்கள், ஈரம் இருக்கும்போதே மடித்தால் பூஞ்சை வாடை வந்துவிடும். விறைப்பு வேண்டுமென்று கஞ்சி போடுவது நம் வழக்கம்தான், பெரியம்மா ஜவ்வரிசிக் கஞ்சி போடுவார், அந்தப் பளபளப்புக்கு ஈடில்லை. ஆனால் கஞ்சி போட்டதை அலமாரியில் வைத்தால் கரப்பான் பூச்சிக்கு விருந்து வைத்ததாகும். விரிக்கும் வாரத்தில் போட்டு, எடுத்து வைக்கும்முன் அலசிவிடுங்கள்.

ஊசி எண்ணுக்கு இப்போது வரலாம். எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். ஜப்பானிய ஊசிகளில் 5/0 என்றால் 3 மில்லிமீட்டர், 6/0 என்றால் 3.5, எண் ஏற ஏறத் தடிமன் கூடும். அதே ஜப்பானிய லேஸ் ஊசிகளில் எண் ஏற ஏற மெல்லியதாகும், 2 என்றால் 1.5 மில்லிமீட்டர், 6 என்றால் 1. பழைய பிரிட்டிஷ் எண்களும் தலைகீழ்தான். கடைக்காரரிடம் ஐந்தாம் எண் ஊசி என்று கேட்டால் மூன்று விதமான பொருள்கள் கைக்கு வரலாம், மூன்றும் அவரைப் பொறுத்தவரை சரி. உங்கள் நூலுக்கு 3 மில்லிமீட்டர் போதும். சதுரங்கள் விறைப்பாக இருப்பதாகப் பட்டால் 3.5 எடுங்கள். ஆனால் 31 முடித்த பிறகு ஊசியை மாற்றினால் மீதி 17ம் தனிக் குடும்பமாகிவிடும். மாற்றாதீர்கள்.

இணைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூலையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதை விட முடியவில்லை. ஜார்ஜ் டவுனுக்கு வந்தால் பழைய கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் நடந்து, சுவர்களில் பதித்த பூ ஓடுகளைப் பாருங்கள். இங்கிலாந்திலிருந்தும் பின்னர் ஜப்பானிலிருந்தும் வந்தவை. ஒற்றை ஓட்டில் நடுவே ஒரு பூ, நான்கு மூலையிலும் கால் கால் பூ. தனியாகப் பார்த்தால் அந்தக் கால் பூவுக்கு அர்த்தமில்லை. நான்கு ஓடுகள் சேரும் இடத்தில் அது முழுப் பூவாகி, சில சுவர்களில் நடுப்பூவையே மறைத்துவிடும். அந்த ஓட்டை வரைந்தவர் பூவைவிட மூலையைத்தான் அதிக நேரம் யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும். உங்கள் விரிப்பிலும் நான்கு சதுரங்கள் சேரும் இடங்கள் 35 இருக்கும், ஆறுக்கு எட்டு வரிசை என்றால். ஒவ்வொன்றிலும் நான்கு செயின் மூலைகள் சேர்ந்து ஒரு துளை விடும். சிவப்பு நூலால் அந்த நான்கு இடைவெளியிலும் இரண்டிரண்டு டபுளைப் பாதியில் நிறுத்தி, எல்லாவற்றையும் ஒன்றாக இழுத்து முடிந்தால் ஒரு சிறு பூ வரும். கொஞ்சம் கோணலான சதுரங்களை அந்தச் சிறு பூ இழுத்துப் பிடித்து நிறுத்தவும் செய்யும். அதற்காகவே சிலருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன், அழகு இரண்டாம் பட்சம்.

பக்கங்களைச் சேர்க்க, உயரமே இல்லாத கண்ணியான ஸ்லிப் ஸ்டிச் போதும், சிங்கிளில் சேர்த்தால் வரப்புபோல் எழும்பும், மேசைமேல் கண்ணாடிக் குவளை ஆடும். நூல் முனைகளை 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து ஒருமுறை போய், திரும்பி வந்து, மறுபடி போய் மறையுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் இரண்டாவது துவைப்பில் ரோஜா கையோடு வரும்.

கடைக்குப் போகும்முன் முடிந்த சதுரம் ஒன்றைச் சமையலறைத் தராசில் வையுங்கள். அந்தக் கிராமை 17ஆல் பெருக்கி, சிறியவற்றுக்கான சிங்கிள் சுற்றுக்கும் இணைப்புக்கும் இன்னொரு 50 கிராம் உருண்டை சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய உருண்டையின் தாளை எடுத்துப்போய், அதிலுள்ள சாயத் தொகுதி எண்ணோடு பொருந்துவதையே கேளுங்கள். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு.